நகராத புள்ளி

தேனீ முதுகில் டேக் ஒட்டுவதற்கு என்னைப்போல் யாருக்கும் கை வராது என்று இப்போது சொல்கிறார்கள். முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். அப்போது ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. ஓய்வு பெற்றவளைப் பாராட்டுவது எல்லோருக்கும் வசதி. பாராட்டை வாங்கிக்கொண்டு அவள் பதவி உயர்வு கேட்டு வந்து நிற்கமாட்டாள், பாருங்கள்.

போன மாதம் ஸ்ராவணி என்று ஒரு பெண், புத்தூரில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். திருப்பதிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த அதே ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது சேர்ந்திருக்கிறாள். பூச்சி பிடிக்கும் ரேடாரை மறுபடியும் வெளியே எடுக்கப் போகிறார்களாம். பழைய ஆட்கள் எப்படிச் செய்தார்கள் என்று ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டுமாம். "சக்சஸ் ஸ்டோரி மாதிரி இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்றாள். பேசிக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து, புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்தும் படம் ஒன்றைக் காட்டினாள். பிச்சாட்டூர் பக்கத்து மாந்தோப்பு ஒன்றின் வரைபடம். அதன் மேற்கு ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. தேனீக்கள் செத்து விழுந்த இடம் என்று கீழே போட்டிருந்தது.

டீ தம்ளரைக் கீழே வைத்தேன். பாவிகளா, அதைப் பாடமாகவே வைத்துவிட்டீர்களா!

ஆகவே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

சித்தூர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். நிலையத்தில் என்னை எடுத்து, பதினைந்து வருடம் மழை அளக்கும் கருவிகளுக்குச் சால்டர் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு எங்களுக்கு மேலதிகாரியாக மதுசூதன் சார் வந்தார். அவரோடு இந்த ரேடாரும் வந்தது.

ஒரு டிரெய்லர் வண்டி. அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பெரிய தட்டுகள். ஒன்று அலையை அனுப்பும், மற்றது திரும்பி வருவதை வாங்கும். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். டேக் என்றால் பாட்டரி வைத்த சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். தலைமுடி கனத்தில் ஒரு கம்பி, நகம் அளவு நீளம், நடுவில் ஒரு பொடி டயோடு. மொத்த எடை ஓர் எள் இருக்கும். அது தானாக எதையும் அனுப்பாது. ரேடார் அலை வந்து பட்டால் அதன் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கித் திருப்பிவிடும். மரம், மண், மாடு, மனுஷன் எல்லாம் வந்த அலையை வந்தபடியே திருப்பும். நம் ரேடார் இரட்டிப்பானதை மட்டும்தான் கேட்கும். ஆகவே திரையில் புள்ளி தெரிந்தால் அது தேனீதான். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும்.

டேக் ஒட்டுவது என் வேலை. தேனீயை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் பிடித்து, அடியிலிருந்து ஸ்பாஞ்சால் மெதுவாக மேலே தள்ள வேண்டும். குழாயின் வாயில் நூல் வலை கட்டியிருக்கும். வலைக்கண் வழியாக முதுகு தெரியும்போது குண்டூசி முனையில் பசை தொட்டு வைத்து, இடுக்கியால் டேக்கை நட்டமாக நிறுத்தி, மனதுக்குள் இருபது எண்ணுவேன். அழுத்தினால் தேனீ செத்துப்போகும். பிடியை விட்டால் டேக் சாய்ந்துவிடும். மூச்சுவிட்டால் டேக்கே பறந்துவிடும். முதல் வருடம் நான் கொன்ற தேனீக்களுக்குக் கணக்கில்லை. இரண்டாம் வருடம் மேஜை விளிம்பில் மணிக்கட்டை வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். பிறகு சாவு குறைந்தது.

எல்லா டேக்கும் ஒரே மாதிரிதான் பதில் சொல்லும். பெயர் கிடையாது, நம்பர் கிடையாது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு தேனீயைத்தான் விடுவோம். மீதி டேக்குகளை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி வைப்போம், உள்ளே அலை போகாது.

இன்னொரு வேலையும் என்னுடையது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் காலி ரன். துருப்பிடித்த இரண்டு இரும்பு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் துருவும் டயோடு மாதிரி வேலை செய்யும். டேக்கைப் போலவே பதில் சொல்லும். தகரக் கொட்டகை, பழைய சைக்கிள், வேலிக்கம்பி எல்லாம் அந்தத் திருட்டு வேலையைச் செய்யும். ஆகவே தினமும் காலையில், தேன்பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், வயலில் ஒரு டேக்கும் இல்லாமல் ரேடாரை அரைமணி நேரம் சும்மா சுற்றவிட வேண்டும். அப்போது தெரிகிற புள்ளி எல்லாம் பொய்ப் புள்ளி. நடந்து போய் எதுவென்று பார்த்து, எடுக்க முடிந்தால் எடுத்து, முடியாவிட்டால் ரிஜிஸ்டரில் குறித்துவைக்க வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் 'காலி ரன், சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இந்த மூன்று வார்த்தைக்குத்தான் இந்தக் கட்டுரை முழுக்க.

மதுசூதன் சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். குரலை உயர்த்தியே பேசமாட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் என்னை 'கஸ்தூரிகாரு' என்றுதான் கூப்பிடுவார், பியூனையும் மரியாதைக்கு 'காரு' போட்டுத்தான் கூப்பிடுவார். சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. வெயிலில் எங்களோடு நிற்பார், எங்கள் டப்பாவிலிருந்து தயிர்சாதம் வாங்கித் தின்பார். எல்லாம் சரி. ஆனால் ஏதாவது வேலை பாக்கி இருந்து நேரம் இல்லாமல் போனால், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொல்வார்: "ராசேயண்டி." தெலுங்கில் எழுதிவிடுங்கள் என்று அர்த்தம். செய்யாததைச் செய்ததாக எழுதிவிடுங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ராசேயண்டி, அவ்வளவுதான். கெட்டவன் அதட்டுவான், நாமும் எதிர்த்துப் பேசலாம். இவ்வளவு மரியாதையாகச் சொல்கிறவரை என்ன செய்ய?

பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். மகளிர் சங்கத்துக்காரர்கள் மாந்தோப்புகளுக்கு நடுவே தேன்பெட்டி வைத்திருந்தார்கள். மாம்பூ நேரத்தில் பெட்டி வாசலில் தேனீ கொத்துக்கொத்தாகச் செத்துக் கிடந்தது. பூவில் யாரோ மருந்து அடிக்கிறார்கள். எந்தத் தோப்பு என்று தெரியவேண்டும். தேனீ முதுகில் டேக் வைத்து அது போகிற இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நாங்கள் போனோம்.

ரேடாரை நிறுத்த வெட்டவெளி வேண்டும். வேர்க்கடலை பிடுங்கிய காலி நிலத்தைக் கொடுத்தவர் முனுசாமி. என் வயதுதான் இருப்பார். நிலத்துக்குக் கிழக்கே அவருடைய மாந்தோப்பு, அத்தனையும் அவருடைய நைனா வைத்த மரங்கள். நிலத்துக்கு ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். முதல் நாள் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு என் கையையே பார்த்தார்.

"இன்னாம்மா, தேனீக்கு ஏரியல் குத்தறீங்களாமே?"

"குத்தலண்ணா, ஒட்றோம்."

"ஒட்டிக்கினு பறக்குமா அது?"

"பறக்கும்ணா. பாருங்க."

விட்டேன். அது ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனது. அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "எங்க ஊட்டு டீவிக்கு ஏரியல் ஒழுங்கா நிக்கமாட்டேங்குது. நீ ஈ மேல நிக்க வெக்கிற. வந்து அத்தயும் கொஞ்சம் பாத்துட்டுப் போ" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அவரிடம் பத்துப் பன்னிரண்டு ஆடுகள் இருந்தன. ஜெனரேட்டரிலிருந்து ரேடாருக்குப் போகிற கேபிளை வந்து வந்து முகர்ந்தன. நான்தான் சொன்னேன்: "அண்ணா, ஆடு ஒயரக் கடிச்சா செத்துப்பூடும். இந்தப் பக்கம் வுடாதீங்க." மறுநாளே எங்கேயோ கிடந்த பழைய முள்கம்பியைக் கொண்டுவந்து, தோப்பு ஓரத்தில் பழைய போர்வெல் பைப்புகளை நட்டு, வேலி கட்டிவிட்டார். சாயங்காலம் கையெல்லாம் கீறலோடு வந்து சொன்னார்: "ஆயிடிச்சும்மா. இனிமே ஒரு குட்டி கூட உங்க ஒயர்கிட்ட வராது."

துருப்பிடித்த கம்பி, துருப்பிடித்த பைப். நான் பார்த்தேன். நாளைக்குக் காலி ரன்னில் தெரிந்துவிடும், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் டெல்லியிலிருந்து கமிட்டி வந்தது. ஒன்பது மணிக்கு ஜீப் வந்துவிடும் என்றார்கள். ஜெனரேட்டர் மக்கர் செய்து, அது ஓட ஆரம்பிக்கும்போது எட்டே முக்கால். நான் ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு போய், "சார், காலி ரன் இன்னும் ஆகல" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ராசேயண்டி" என்றார். எழுதினேன். கமிட்டி முன்னால் தேனீயை விட்டேன். அது கிழக்கே போனது, மரங்களுக்குள் மறைந்தது. எல்லோரும் திரும்பித் திரையைப் பார்த்தால், தோப்பு ஓரத்தில் ஒரு புள்ளி பளிச்சென்று நின்றது. பெரியவர்கள் கைதட்டினார்கள். புள்ளி அங்கேயே நின்றது. பதினோரு மணிக்கு அணைந்துபோனது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. தேனீயை விடும்போதுதான் ரேடாரையே போட்டோம். மாம்பூ போய்விடுமுன் முடிக்கவேண்டும் என்று அவருக்கு ஒரே அவசரம். ஏழு நாளும் ராசேயண்டி. ஏழு நாளும் எழுதினேன்.

எனக்குத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. மூன்றாம் நாள் அவரிடம் போய், "சார், அங்க புதுசா வேலி கட்டியிருக்கார், ஒரு நட போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றேன். அவர் சிரித்தார். "கஸ்தூரிகாரு, வேலி பதினோரு மணிக்கு எழுந்து வீட்டுக்குப் போகுமா?" என்றார். தேனீ மருந்துபட்ட பூவில் உட்காருகிறது, அங்கேயே மயங்கிக் கிடக்கிறது, பிறகு செத்துப் புல்லில் விழுகிறது, புல்லில் விழுந்தது ரேடாருக்குத் தெரியாது, அதனால்தான் புள்ளி அணைகிறது என்றார். எவ்வளவு அழகாகச் சொல்கிறார்! எனக்கும் வெயிலில் அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பலாக இருந்தது. சரி சார் என்று வந்துவிட்டேன். அந்தச் சோம்பலுக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

முனுசாமி தோப்புதான் என்று ரிப்போர்ட் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து, ரேடாரை மூட்டைகட்ட நானும் டிரைவர் பாபுவும் மட்டும் போனோம். பெட்டிகளைச் சங்கத்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டேக் எல்லாம் டப்பாவில். காலையிலிருந்து தூறல். கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது வழக்கம், போட்டேன். தோப்பு ஓரத்தில் அதே இடத்தில் அதே புள்ளி.

ஒரு தேனீகூட இல்லாத வயலில் புள்ளி! பதினோரு மணி ஆனது, அணையவில்லை. பன்னிரண்டு ஆனது, அணையவில்லை. அன்று வெயில் இல்லை, அதனால் ஈரம் காயவில்லை. ஏழு நாளும் பனியில் நனைந்து, பதினோரு மணி வெயிலுக்குக் காய்ந்து அணைந்தது தேனீ இல்லை, வேலிக்கம்பியின் துரு; ஈரமாக இருக்கும்வரைதான் அது பதில் சொல்கிறது.

பாபுவைச் செல்போனும் கையுமாகத் திரை முன்னால் உட்காரவைத்துவிட்டு நடந்தேன். ஐந்தாவது பைப்பில் முள்கம்பியை முறுக்கிக் கட்டியிருந்த முடிச்சு. கையால் அசைத்தேன். "அக்கா, புள்ளி மினுக்குது" என்றான் பாபு. கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தேன். "போயிடிச்சுக்கா" என்றான். வெட்டிய முடிச்சை டேக் இருந்த டப்பாவில் போட்டு மூடினேன்.

மறுநாள் சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு எழுந்துபோய் ரிஜிஸ்டரை எடுத்துவந்து மேஜையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது யார் கையெழுத்து கஸ்தூரிகாரு?"

"என்னுதுதான் சார்."

"ஏழு நாள் சுத்தம்னு இருக்கு. இப்ப சுத்தம் இல்லேன்னா, பொய் எழுதினது யாருன்னு கேப்பாங்க. உங்களுக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. எனக்கு உங்க மேல மரியாதை இருக்கு. அதான் சொல்றேன்."

அப்போதும் குரல் உயரவில்லை. நான் ரிஜிஸ்டரை மூடி அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஊர் சச்சிவாலயத்தில், அதாவது கிராம அலுவலகத்தில், கூட்டம். ரிப்போர்ட்டைத் தெலுங்கில் வாசித்தார்கள், வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார்கள். சங்கத்துப் பெண்கள் முனுசாமியைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் எழுந்து நின்றார்.

"நான் மருந்தே அடிக்கலியே! எங்க ஊட்டுக்காரிக்கு இழுப்பு. மருந்து வாசன பட்டாலே மூச்சு வாங்கும். நம்ம தோட்டத்துல அந்தப் பேச்சே கெடையாது. ஊர்ல யாரயாவது கேளுங்க."

"மிஷினு பொய் சொல்லுமா?" என்றாள் ஒருத்தி.

அவர் கூட்டத்தில் என்னைத் தேடினார். "எம்மா, நீ சொல்லும்மா. தெனம் அங்கயே இருந்தே இல்ல, நான் எப்பனா மருந்து டப்பா தூக்கிக்கினு போயி பாத்தியா?"

நான் தரையைப் பார்த்தேன். பக்கத்தில் சார் உட்கார்ந்திருந்தார். முனுசாமி இன்னும் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடம் மாம்பழக்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் அவர் தோப்புக் காயைத் தொடவில்லை. மருந்துத் தோட்டம் என்று பெயர் ஆகிவிட்டது. மறுவருடமும் காய் மரத்திலேயே பழுத்து விழுந்து அழுகியது என்று பாபு வந்து சொன்னான். மூன்றாம் வருடம் மரத்தையெல்லாம் வெட்டிவிட்டார் என்றான். சார் அதற்குள் பெரிய பதவிக்கு ஹைதராபாத் போய்விட்டார். போகும்போது எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். அந்தச் சால்வையை நான் ஒருநாளும் பிரிக்கவில்லை. நல்ல துணிதான், ஆனால் கையில் எடுத்தாலே உடம்பு எரிகிறது.

உண்மையில் யார் மருந்து அடித்தார்கள்? எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே அந்த ரேடாரையே கொண்டுபோனோம்!

நான்கு வருடத்தையும் முடித்தேன். பென்ஷன் வருகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். ஓய்வு பெற்ற மறுநாளே போய்ச் சொல்லியிருக்கலாம், யார் தடுத்தார்கள்? போகவில்லை. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்ராவணி வந்து அந்தப் படத்தைக் காட்டியிராவிட்டால் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

அவள் வந்துபோன நான்காம் நாள் பஸ் ஏறினேன். பையில் அந்த டப்பா.

தோப்பு இருந்த இடத்தில் சோளத்தட்டை நின்றது. முனுசாமி மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "ஏரியல் அம்மாவா? வா வா, குந்து. சாப்ட்டியா?" என்றார். அந்த உபசாரத்தைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். பனி, துரு, பதினோரு மணி, காலி ரன், ஏழு கையெழுத்து. டப்பாவைத் திறந்து முடிச்சை அவர் கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவா?"

"இதாண்ணா."

"இந்த வேலி நான் உங்க ஒயர ஆடு கடிக்கக் கூடாதுன்னு கட்டினது இல்ல?"

"ஆமாண்ணா."

முடிச்சை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இத்தினி வருசமும் இது உங்கிட்டயேவா இருந்திச்சி?"

திட்டியிருந்தால் தேவலை. நான் தலையை ஆட்டினேன். அழுதேன். அழுது என்ன பிரயோசனம்? "என்ன மன்னிச்சிடுண்ணா" என்றேன்.

"மன்னிக்கிறதெல்லாம் கெடக்கட்டும். மரம் நின்னுக்கினு இருந்தப்ப இத்த எடுத்துக்கினு வந்திருந்தா, உன்ன உக்கார வெச்சுச் சோறு போட்டிருப்பேன்." முடிச்சை என்னிடம் தரவில்லை, மடியில் முடிந்துகொண்டார். "எங்க ஊட்டுக்காரி சாவற வரிக்கும் ஊர்ல அவகிட்ட யாரும் மொகம் குடுத்துப் பேசல. எங்கிட்ட வாயால சொன்னா ஆச்சா? அன்னிக்கு எழுதித்தானே குடுத்தீங்க. இதயும் எழுதிக் குடு. கையெழுத்து போட்டுக் குடு."

அவர் கேட்டதை எழுதுகிறேன். மலரில் போடாவிட்டாலும் இதில் ஒரு பிரதி சச்சிவாலயத்துச் சுவருக்குப் போகும், நானே கொண்டுபோய் ஒட்டுவேன். பாடப் படத்திலிருந்து அந்தப் புள்ளியை ஸ்ராவணி எடுத்துவிட வேண்டும்.

பிச்சாட்டூர் முகாமில் கமிட்டி வந்த நாள் முதல் ஏழு நாளும் காலி ரன் செய்யப்படவில்லை. செய்ததாக நான் எழுதியது பொய். முனுசாமி தோப்பு ஓரத்தில் தெரிந்தது தேனீ அல்ல, எங்களுக்காக அவர் கட்டிய வேலியின் முடிச்சு. அவர் மருந்து அடிக்கவில்லை.

கஸ்தூரி,
தொழில்நுட்ப உதவியாளர் (ஓய்வு).